கடைசி இரண்டு தட்டு

ஜனவரி 9

அன்புள்ள ஸ்பேனருக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சௌகரியம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பாடு இறங்குகிறதா என்று மறைக்காமல் எழுது.

முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வார்டுக்குள் போன் விடமாட்டார்கள், கடிதம்தான் என்று சொன்னார்களே, உடனே ஒன்று எழுதித் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த பெண் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பேரப்பிள்ளை எழுதினதா? நல்லா இருக்கு. ஆனா விலாசம் மட்டும் பெரியவங்க யாராவது எழுதிட்டு வாங்க" என்றாள். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஆமாங்க, ரெண்டாங்கிளாஸ் படிக்கிறான்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆகவே இந்த உறையின் மேல் இருப்பது அம்மாவின் கையெழுத்து. உள்ளே இருக்கிற கோழிக் கிளறல் என்னுடையது. கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது, வரி கோணுகிறது. வேறொன்றுமில்லை.

பட்டறை வழக்கம்போல நடக்கிறது. பெயிண்டர் உன்னை விசாரித்தார். நீ கிளம்பிய அன்று ராணுவ வண்டி சீக்கிரமே வந்துவிட்டதால் சரியாக நாலு வார்த்தை பேச முடியவில்லை. முந்தின நாள் நடந்ததைப் போட்டு மனசில் உழப்பிக்கொள்ளாதே. ஒரு கார் பானட் கை தவறிக் கீழே விழுந்தது, அவ்வளவுதான். டிங்கரிங் பட்டறை என்றால் ஏதாவது விழத்தான் செய்யும்.

பதில் எழுது. ஒரு வரி போதும்.

உன் அப்பா


ஜனவரி 27

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

வார்டில் நாங்கள் நான்கு பெண்கள். ஜன்னலோரக் கட்டில் எனக்கு. சாப்பிடுகிறேன். தூக்கம் வந்து வந்து போகிறது.

இங்கே ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. சண்டை நடந்த இடத்திலிருந்து திரும்பிய நாற்பது பேரின் மூளையைப் படம் எடுக்கிறார்கள். சிகிச்சைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை. நானும் பெயர் கொடுத்தேன். ஒரு குழாய்க்குள் நாற்பது நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும். காதுக்கு அடைப்பான் தருகிறார்கள். கையில் ஒரு ரப்பர் பந்து. முடியவில்லை என்றால் அமுக்கலாம், வெளியே எடுத்துவிடுவார்கள். நான்காவது நிமிடம் அமுக்கினேன்.

அந்த மெஷின் அடிக்கிறது, அப்பா. அடைப்பானைத் தாண்டி வருகிறது. இதற்கு மேல் அதை எழுத வரவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த நாற்பது நிமிடத்தை என்னால் முடிக்க முடிந்தால் வீட்டுக்கு வருவேன். இல்லாவிட்டால் வரமாட்டேன். நம் வீட்டுக்கு முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் அடுப்படி. அந்தச் சத்தத்தில் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. செய்ததை நீங்கள் பார்த்தீர்கள்.

கண்ணாடியை மாற்றுங்கள்.

மகள்


பிப்ரவரி 6

அன்புள்ள ஸ்பேனருக்கு,

இங்கே இருவரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் குத்திக்கொண்டிருந்தது. உன் கடிதம் வந்ததும் போய்விட்டதாம். நீயும் சுகப்பட்டு வா.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆராய்ச்சி என்றால் எனக்குத் தெரிந்தது உன் அம்மா என் சட்டைப் பையில் செய்வதுதான். சரி, நேரில் பார்த்துவிடலாம் என்று பெரிய சாலையில் இருக்கிற ஸ்கேன் நிலையத்துக்குப் போனேன். வாயைத் திறப்பதற்குள் ஒரு நர்ஸ், "இவ்ளோ லேட்டாவா வர்றது, வாங்க" என்று உள்ளே தள்ளிக்கொண்டுபோய்ப் பச்சை அங்கி ஒன்றைக் கையில் திணித்தாள். உள்ளே போக இதுதான் முறை போலிருக்கிறது என்று நானும் மாட்டிக்கொண்டேன். அந்த அங்கிக்கு முதுகு என்று ஒன்று கிடையாது. நாடாவைக் கட்டக் கை போதவில்லை. பின்பக்கத்தைப் பிடித்தபடியே கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிறகு மெஷின்காரர் கூப்பிட்டு, "எந்த முட்டி?" என்றார்.

"முட்டி இல்லீங்க, தலை. தலையும் என்னுது இல்ல, என் பொண்ணோடது."

என்னை வேறு டாக்டரிடம் அனுப்பலாமா என்று யோசிப்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் நல்ல மனுஷர். விஷயத்தைக் கேட்டதும், "அடுத்த ஆளுக்கு ஓட்டுறேன், கதவுகிட்ட நின்னு கேளுங்க. மொதல்ல பேண்டைப் போட்டுட்டு வாங்க" என்றார்.

கேட்டேன். ஸ்பேனர், அது நம்ம பட்டறையேதான். முதலில் மட்கார்டு விளிம்பை மடக்குகிற சின்னச் சுத்தி. அப்புறம் லாரிக் கதவில் ஒடுக்கு எடுக்கிற பெரிய சுத்தி. நடுவில் கிரைண்டர் இரைகிற மாதிரி ஒரு நீளச் சத்தம். தாளம் தப்பவே இல்லை. ஒரே வித்தியாசம், நாம் டீ குடிக்க நிறுத்துவோம்.

அங்கேயே ஒரு யோசனை வந்தது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது, பத்துப் பதினைந்து அடி தள்ளி நான் கதவை அடித்துக்கொண்டிருப்பேன், நீ அசையாமல் தூங்குவாய். நான் நிறுத்தினால்தான் எழுந்து வீறிடுவாய். ஆகவே அந்த மெஷின் சத்தத்தை நான் அடித்துப் பதிவு செய்து அனுப்புகிறேன். முதலில் மெதுவாக, அப்புறம் கூட்டிக் கூட்டி. நீ படுத்துக் கேட்டுப் பழகிக்கொள். வேண்டாம் என்றால் பொத்தானை அமுக்கி நிறுத்து. இது அப்பா அடித்தது, நிறுத்தினால் கோபித்துக்கொள்ளாது. உன் டாக்டர் சரி என்றால் மட்டும்.

அப்பா


பிப்ரவரி 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்காலைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

டாக்டரம்மாவிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அங்கி விஷயத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். உங்கள் யோசனைக்குச் சரி என்றார். முதலில் ஒரு நிமிடம், நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போது.

அந்தக் குழாய்க்குள் என்ன பார்க்கிறார்கள் என்றும் கேட்டேன். உள்ளே ஒன்றுமே செய்யக்கூடாது. ஒரு கூட்டல் குறியைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடக்க வேண்டும். சும்மா கிடக்கும்போதும் மூளைக்குள் ஒரு இடம் இன்னொரு இடத்தோடு பேசிக்கொண்டேதான் இருக்குமாம். எவையெல்லாம் சேர்ந்து எழுந்து சேர்ந்து அடங்குகின்றன என்று மெஷின் கணக்கெடுக்கிறது. காகிதத்தில் வரைந்து காட்டினார். ஆழத்தில் ஒரு அபாய மணி. நெற்றிக்குப் பின்னால், மணியை அடக்குகிற ஆள். பக்கத்தில், எது எப்போது எங்கே நடந்தது என்று தேதி போட்டு வைக்கிற ஆள். என்னைப் போன்றவர்களுக்கு இந்த மூவருக்கும் நடுவே இருக்கிற பேச்சுவார்த்தை மாறிப்போயிருக்கலாம் என்று நினைக்கிறார்கள். மணி அடிக்கிறது. "அது பானட்தான், உட்காரு" என்று சொல்ல வேண்டியவரின் குரல் போய்ச் சேரவில்லை. தேதி போடுகிறவர் எல்லாவற்றுக்கும் இன்றைய தேதியையே போடுகிறார்.

"அப்ப உடைஞ்சு போச்சா?" என்றேன்.

"இல்லம்மா. மாறியிருக்கு. மாறினது மறுபடியும் மாறும்."

அங்கே, சண்டை நடந்த இடத்தில், எங்கள் சாமான் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எனக்கு முன்னால் போன வண்டியை ஓட்டியவள் என்னோடு ஒரே நாளில் லைசென்ஸ் வாங்கியவள். பிறகு முன்னால் வண்டி இல்லை. சாலை மட்டும் இருந்தது. இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது.

அடித்து அனுப்புங்கள்.

மகள்


மார்ச் 8

அன்புள்ள ஸ்பேனருக்கு,

நாங்கள் நலம். நீ எழுதியதைப் படித்தேன். நீ எழுதாமல் விட்டதற்கும் அப்பா காத்திருப்பேன், அவசரமில்லை.

ஒன்றுமே செய்யாமல் கிடக்க வேண்டும் என்பதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அந்த வேலைக்கு உங்களை அனுப்பியிருக்கலாமே, முதல் பரிசே வாங்கியிருப்பீங்க" என்கிறாள்.

அந்த மூன்று பேர் விஷயம் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. நானும் அம்மாவும் சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களில் நீதானே நடுவில் ஓடுவாய். "அப்பா, சாப்பிட வரணுமாம்." "அம்மா, பசிக்கலையாம், ஆனா வர்றாராம்." உன் தலைக்குள்ளும் அப்படி ஒரு ஆள் ஓட ஆரம்பித்தால் தீர்ந்தது. நீ செய்த வேலைதான். மறந்திருக்கமாட்டாய்.

மெமரி கார்டு இதோடு இருக்கிறது. பானட்டில் அடித்துப் பார்த்தேன், சத்தம் சவசவ என்று வந்தது. பழைய லாரிக் கதவு ஒன்றைச் சங்கிலியில் தொங்கவிட்டு அடித்தேன். அதே சத்தம். அம்மா சமையலறைக் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து நேரம் பார்த்தாள். ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று மூன்று. பத்து நிமிடப் பதிவில் அம்மாவின் குரலும் விழுந்துவிட்டது. மறுபடி அடிக்கக் கையில் தெம்பில்லை, அப்படியே விட்டுவிட்டேன். பெயிண்டர் இரண்டு நாளாகக் காதில் பஞ்சோடு நடமாடுகிறார்.

அப்பா


மார்ச் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், உண்மையாகவே. நீங்கள்?

கார்டைப் போட்டுக் கேட்க நர்ஸ் ஒரு சின்னப் பிளேயர் தந்தார். முதல் நாள் ஒரு நிமிடம். கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்தேன். முதுகெல்லாம் நனைந்துவிட்டது. நான்காம் நாள் கம்பியை விட்டேன். இப்போது பத்து நிமிடம் முழுக்கக் கேட்கிறேன். நடுவில் அம்மா, "இன்னும் எவ்ளோ நேரம், அடுப்புல வெச்சுட்டு வந்திருக்கேன்" என்கிறாள். வார்டில் நான்கு பேரும் அந்த இடத்துக்காகக் காத்திருக்கிறோம். எதிர்க்கட்டில்காரி ஒரு வாரமாக, அடுப்பில் என்ன இருந்தது என்று கேட்டு எழுதச் சொல்கிறாள்.

ஒவ்வொன்றின் முடிவிலும் உங்கள் இரண்டு தட்டு வருகிறது. ஒடுக்கு எடுத்து முடித்ததும் மெல்ல இரண்டு தட்டுவீர்களே, அது. சின்ன வயதில் அதைக் கேட்டால் ஓடி வருவேன், வேலை முடிந்தது, அப்பா இனி டீ குடிப்பார் என்று. இப்போது அது காதில் விழுந்ததும் மூச்சு தானாகக் கீழே இறங்குகிறது.

அப்பா, இது உங்கள் வலது கை இல்லை. வலது கையால் அடித்தால் ஒவ்வொரு மூன்றாவது அடியும் கொஞ்சம் கனக்கும். இருபது வருடம் கேட்டு வளர்ந்திருக்கிறேன். இது இடது கை. எழுத்தும் கண்ணாடியால் கோணவில்லை. வலது கைக்கு என்ன?

மகள்


ஏப்ரல் 21

அன்புள்ள ஸ்பேனருக்கு,

சௌகரியமாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். பதில் தாமதம். தபால் மேல் பழி போடலாம் என்று பார்த்தேன், தபால்காரர் எதிர்வீட்டிலேயே இருக்கிறார்.

சரி, பிடிபட்டுவிட்டேன். குளியலறையில் சோப்பை மிதித்து வழுக்கி விழுந்தேன். கையை ஊன்றினேன், மணிக்கட்டில் விரிசல். மாவுக்கட்டு போட்டுப் பிரித்தும் ஆயிற்று. இந்த வயதில் சோப்பில் வழுக்கினேன் என்று மகளுக்கு எழுத வெட்கமாக இருந்தது, அதனால் கண்ணாடி மேல் போட்டேன். இப்போது கை நன்றாகவே இருக்கிறது. அம்மா பக்கத்தில் நின்று இதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போகிறாள்.

முழு நாற்பது நிமிடமும் அடித்து அனுப்பியிருக்கிறேன். அடுப்பில் இருந்தது வெந்நீர் என்று எதிர்க்கட்டில் பெண்ணிடம் சொல். பெரிதாக எதையோ எதிர்பார்த்திருந்தால் அப்பா மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

அப்பா


மே 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நெற்றியில் ஒரு வீக்கத்தைத் தவிர. அம்மாவும் நீங்களும் எப்படி?

சோப்பைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

நேற்று மறுபடியும் குழாய்க்குள் போனேன். கூட்டல் குறியைப் பார்த்தேன். சின்னச் சுத்தி. பெரிய சுத்தி. கிரைண்டர். எல்லாம் அதனதன் வரிசையில் வந்தன. பந்து கையில் இருந்தது, அமுக்கவில்லை. மணி அடித்தது, ஆனால் தூரத்தில். அம்மாவின் அடுப்பு இடம் வரும் என்று காத்திருந்து, வராதபோது சிரிப்பு வந்தது. முப்பத்தோராவது நிமிடம் மெஷின் சட்டென்று நின்றது. பிறகு மெதுவாக, டக், டக்.

நான் எழுந்துவிட்டேன்.

தலையைச் சுற்றி ஒரு கூண்டு மாட்டியிருப்பார்கள். நெற்றி அதில் போய் மோதியது. மெஷின்காரர் ஓடி வந்தார். "என்னம்மா ஆச்சு, நல்லாத்தானே போய்ட்டிருந்துச்சு?" என்றார். "முடிஞ்சிருச்சே, அப்பா தட்டிட்டாரே" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த படத்துக்கு மாறுவதற்கு முன்னால் மெஷினே போடுகிற சத்தமாம் அது. தலை அசைந்ததால் முப்பத்தோரு நிமிடமும் வீண். வெளியே வந்து அவருக்கு விளக்கிச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது, நிறுத்த முடியவில்லை. நான் கடைசியாக எப்போது சிரித்தேன் என்று டாக்டரம்மா தன் நோட்டில் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

ஜூன் 18 இன்னொரு வாய்ப்பு. அதுதான் கடைசி, அதற்குப் பிறகு பட்டியலை மூடுகிறார்கள். தயவுசெய்து அந்த இரண்டு தட்டு இல்லாமல் ஒன்று அடித்து அனுப்புங்கள்.

மகள்


மே 15

அன்புள்ள ஸ்பேனருக்கு,

நலம் விசாரிக்கிற இடத்தில் உன் நெற்றியைத்தான் விசாரிக்க வேண்டும். வீக்கத்துக்கு அம்மா வைத்தியம் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள், உள்ளே இருக்கிறது. ஒடுக்கு எடுக்கிறவன் மகள் தலையிலேயே ஒடுக்கு விழ வைத்துவிட்டேன் என்று பெயிண்டர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இரண்டு தட்டு இல்லாமல் அடி என்று எழுதிவிட்டாய். நாற்பது வருடமாகத் தட்டுகிறேன். அதை நான் தட்டுவதில்லை, கை தானாகத் தட்டிக்கொள்கிறது. ஒடுக்கு எடுத்த பிறகு தகட்டை மெல்லத் தட்டிக் கேட்போம். உள்ளே மிச்சம் இருந்தால் மூக்கடைத்த மாதிரி பேசும். சரியாகிவிட்டால் கணீரென்று பதில் வரும். அதைக் கேட்காமல் சுத்தியைக் கீழே வைக்க எனக்குத் தெரியாது. முதல் தடவை நாற்பது நிமிடம் அடித்து, ஜாக்கிரதையாக நிறுத்தி, நெற்றியைத் துடைத்துவிட்டு, தட்டிவிட்டேன். இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவது தடவை முப்பத்தொன்பதரை நிமிடத்தில் அம்மா வந்து பக்கத்தில் நின்று, சரியான நேரத்தில் சுத்தியைப் பிடுங்கிக்கொண்டாள். அதனால் இது ஒரு தடாலோடு முடியும். அது அம்மா சுத்தியைக் கீழே போட்ட சத்தம். பயப்படாதே.

இந்த முறை வலது கை. மூன்றாவது அடி கனக்கிறதா என்று கேட்டுச் சொல்.

அப்பா


ஜூன் 20

அன்புள்ள அப்பாவுக்கு, அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் உட்கார்ந்துகொண்டு இதைப் படியுங்கள்.

நாற்பது நிமிடம்.

முப்பத்தோராவது நிமிடத்திலிருந்து இரண்டு தடவை அந்த டக், டக் வந்தது. ஒவ்வொரு தடவையும் "இது அப்பா இல்லை, மெஷின்" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சொன்ன ஆள் நெற்றிக்குப் பின்னால் இருக்கிறவர்தான் என்று நினைக்கிறேன், குரல் கேட்டது. கடைசியில் எல்லாம் நின்ற பிறகும் நான் அசையவில்லை. முடிந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? அப்படியே கிடந்தேன். கதவு திறந்தது. மெஷின்காரர் வந்து, என் தலைமாட்டில் விரலை மடக்கி இரண்டு தட்டு தட்டினார்.

"இப்ப எந்திரிங்க" என்றார்.

வார்டில் மூவரும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். எதிர்க்கட்டில்காரி எனக்காக வெந்நீர் வைத்திருந்தாள்.

மூன்றாவது அடி கனக்கிறது, அப்பா.

மகள்


ஜூன் 28

ஸ்பேனருக்கு,

நலமோ நலம். கடிதத்தை அம்மா என் கையில் கொடுக்கமாட்டேன் என்கிறாள், ரவிக்கைக்குள் வைத்திருக்கிறாள். நான் மனப்பாடமாகத் தெருவுக்குச் சொல்லிவிட்டேன். பெயிண்டர், தபால்காரர், தபால் நிலையப் பெண் எல்லோருக்கும் தெரியும். ஸ்கேன் நிலையத்துக்குப் போய் அந்த மெஷின்காரரிடம் சொன்னேன். அவர் எழுந்து என் கையைக் குலுக்கினார். வலது கையை. வலித்தது, சொல்லவில்லை. கிளம்பும்போது நர்ஸ், "முட்டி இப்ப எப்படி இருக்கு?" என்றாள். "ஓடுறேம்மா" என்றேன்.

அப்பா


செப்டம்பர் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இந்த வார்த்தையை இப்போது யோசிக்காமல் எழுத முடிகிறது. அங்கே?

பன்னிரண்டு வாரச் சிகிச்சை முடிந்தது. நடந்ததை முதலிலிருந்து வரிசையாக, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். முன்னால் போன வண்டியைச் சொன்னேன். அவள் பெயரைச் சொன்னேன். பிறகு பட்டறையில் நடந்ததையும் சொன்னேன். பானட் விழுந்தது. நான் உங்கள் மேல் பாய்ந்து தரையில் சாய்த்தேன். என் முட்டிக்கு அடியில் எதுவோ டக்கென்றது. தகடு அப்படிச் சத்தம் போடாது, நான் டிங்கர் மகள். முதல் ஐந்து தடவை அந்த இடத்தைத் தாண்டிப்போனேன். ஆறாவது தடவை சொன்னேன். நீங்கள் கையைத் துண்டில் சுற்றி மறைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றது வரை சொன்னேன். சோப்பு எழுதினீர்களே, அதற்கு நன்றி. கைக்காக மன்னித்துவிடுங்கள்.

இரண்டாவது படமும் எடுத்தாயிற்று. ஒரே மூச்சில். என்ன மாறியிருக்கிறது என்று கேட்டேன். "ஒருத்தர் படத்தை வெச்சு எதுவும் சொல்லக்கூடாதும்மா. நாப்பது பேரையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்லணும். நாளாகும்" என்றார் டாக்டரம்மா. அது அவர் வேலை. என்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். நேற்று இங்கே சமையலறையில் ஒரு பாத்திர அடுக்கு சரிந்தது. எனக்கு வியர்த்தது. தரையில் படுக்கவில்லை. "பாத்திரம்" என்றேன், வாய்விட்டு.

வேலைக்குத் திரும்புகிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தர வேண்டும். அதற்கு முன் பத்து நாள் லீவு. அக்டோபர் 3 காலை பஸ்ஸில் வீட்டுக்கு வருகிறேன்.

கை சரியான பிறகும், நான் திரும்பி வரும் வீட்டில் சத்தம் இருக்கக்கூடாது என்று நீங்கள் வேலைக்குச் சுத்தி எடுப்பதில்லை, பெயிண்டருக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொடுக்கிறீர்கள் என்று அம்மா எழுதினாள். "பட்டறை வழக்கம்போல நடக்கிறது" என்பது மூன்றாவது பொய். நான் வரும்போது பட்டறைக் கதவு திறந்திருக்க வேண்டும்.

மகள்


அக்டோபர் 16

அன்புள்ள ஸ்பேனருக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். அம்மா நலம். நானும் நலம். வீடுதான் கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது, அதற்கு மருந்து கிடையாது.

நீ வந்து நின்றதை நீ ஒரு பக்கமாகத்தான் பார்த்திருப்பாய். அந்தப் பக்கம் நடந்ததை நான் சொல்கிறேன். பையைக்கூட இறக்காமல் பட்டறை வாசலில் நின்று, "அடிங்கப்பா" என்றாய். மட்கார்டில் தொட்டும் தொடாமலும் ஒன்று வைத்தேன். "இது யாருக்கு, கொசுவுக்கா?" என்றாய். பெயிண்டர் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்ததை நான் பார்த்தேன். அப்புறம்தான் ஒழுங்காக அடித்தேன். உன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் தகட்டையே பார்த்து அடித்தேன். ஒன்பது மாத ஒடுக்கு மொத்தத்தையும் அந்த மட்கார்டில் எடுத்தேன் என்று நினைக்கிறேன். கதவுக்குப் பின்னால் அம்மா சமையலறைக் கடிகாரத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிமிடம் எண்ணிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாது. நாற்பது ஆனதும் அவள் உள்ளிருந்தே, "ஆச்சு" என்றாள். நான் நிறுத்தினேன். நீ வந்து சுத்தியை என் கையிலிருந்து வாங்கி, மெல்ல இரண்டு தட்டு தட்டினாய். தகடு கணீரென்றது. "டீ குடிக்கலாம்" என்றாய். அன்று குடித்த டீயைப் போல் ஒன்றை இந்த வாயில் நான் குடித்ததில்லை. சர்க்கரை போட அம்மா மறந்துவிட்டாள், மூன்று பேரும் அதைச் சொல்லவே இல்லை.

இப்போது பட்டறை உண்மையாகவே வழக்கம்போல நடக்கிறது. இரண்டு லாரிக் கதவு வந்திருக்கிறது. அம்மாவைக் கேட்டுக்கொள்.

பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றேன். "என்னப்பா?" என்றாய். "தண்ணி பாட்டில் எடுத்தியா?" என்றேன். பாட்டில் உன் கையிலேயே இருந்தது. நீ தூக்கிக் காட்டினாய். பஸ் போய்விட்டது. நான் சொல்ல வந்தது அது இல்லை. நேரில் வரவில்லை, எழுத்தில் வருகிறதா பார்க்கிறேன்.

கைக்காக மன்னிப்புக் கேட்டிருந்தாய். அன்று பானட் விழுந்து நீ என்னைச் சாய்த்தபோது, என் முகம் சிமெண்டில் அழுந்திக் கிடந்தது. உன் இரண்டு கையும் என் தலையைப் பொத்தியிருந்தன. உன் உடம்பு முழுக்க என் மேல் இருந்தது. மேலே வரப்போவது எதுவாக இருந்தாலும் அதை உன் முதுகில் வாங்கிக்கொள்ள நீ தயாராக இருந்தாய். உன் நெஞ்சு அடித்துக்கொண்டது என் முதுகில் கேட்டது. எல்லோரும் அதை வியாதி என்றார்கள். வியாதி போகட்டும், போனதில் எனக்கும் சந்தோஷம். ஆனால் அடியில் கிடந்தவன் நான் ஒருத்தன்தான். பிறந்ததிலிருந்து என்னை யாரும் அப்படிப் பொத்தி வைத்ததில்லை, மகளே.

அப்பா